சி மொழியில் திரையைத் தொடுவது எப்படி? கிராபிக்ஸ் லைப்ரரி தேர்வுக்கு ஒரு வழிகாட்டி

சி மொழியின் தர வரையறையில் கோப்பைத் திறக்க வழி உண்டு, எழுத்தை அச்சிட வழி உண்டு. திரையில் ஒரு புள்ளி வைக்க மட்டும் வழியே கிடையாது. திரை இயங்குதளத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதை அணுக விண்டோஸில் வின்32, மேக்கில் கோகோ, லினக்ஸில் எக்ஸ்11 அல்லது வேலண்ட் என்று ஆளுக்கொரு வழி. டர்போ சி-யின் கிராபிக்ஸ்.எச் கோப்பில் பழகியவர்கள் இன்றும் அதற்கு மாற்று தேடுகிறார்கள். அது விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸின் காலத்துக்காக எழுதப்பட்டது. அன்று நிரல் திரை முழுவதையும் தன்வசம் எடுத்துக்கொள்ளும். இன்று இயங்குதளம் ஒதுக்கித் தரும் விண்டோவுக்குள்தான் வரைய முடியும்.

இந்த வேலைகளை நமக்காகச் செய்யும் ஆயத்த நிரல்தொகுப்புதான் கிராபிக்ஸ் லைப்ரரி. அதனால் லைப்ரரியைத் தேடும்போது 'எது நன்றாக வரையும்' என்று மட்டும் பார்த்தால் போதாது. விண்டோ திறப்பது, விசைப்பலகை, மவுஸ் நிகழ்வுகளை வாங்குவது, வரைந்ததைத் திரைக்கு அனுப்புவது ஆகியவற்றில்தான் இயங்குதளங்கள் பெரிதும் வேறுபடுகின்றன. இந்த வேலையில் எவ்வளவை லைப்ரரியிடம் விடப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

கீழ்மட்டத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நினைவகத்தில் படம் என்பது வரிசையாக அடுக்கிய எண்கள்தான். 640×480 படத்தில் புள்ளிக்கு 4 பைட் என்றால் மொத்தம் 12,28,800 பைட். ஒரு புள்ளியின் இடத்தைக் கண்டுபிடிக்க, வரி எண்ணை அகலத்தின் பைட் அளவால் பெருக்கினால் போதும் என்று தோன்றும். பல நேரம் சரியாகவும் வரும். ஆனால் வரியின் முடிவில் நிரப்பு பைட்டுகள் இருக்கலாம். விண்டோஸ் பிட்மேப்பில் ஒவ்வொரு வரியும் 4-இன் மடங்காக இருக்க வேண்டும்; 641 புள்ளி அகலம், புள்ளிக்கு 3 பைட் என்றால் வரியின் நீளம் 1923 அல்ல, 1924. அந்த ஒரு பைட்டை விட்டுவிட்டால் வரிக்கு வரி பிழை கூடிக்கொண்டே போய், படம் சாய்ந்து நிறங்களும் குழம்பிவிடும். எஸ்டிஎல் லைப்ரரி 'பிட்ச்' என்று தனியாக ஓர் எண்ணைத் தருவது இதனால்தான். வரி எண்ணை அந்தப் பிட்ச்சால்தான் பெருக்க வேண்டும்.

எஸ்டிஎல் 1998-இல் வெளிவந்தது. விண்டோ, நிகழ்வு, ஒலி, கேம்பேட், இருபரிமாண வரைவு எல்லாம் அதில் உண்டு. 2025 ஜனவரியில் வந்த எஸ்டிஎல் 3.2-இல், ஜிபியு எனும் கிராபிக்ஸ் சிப்பிடம் வேலை வாங்கும் வல்கன், டைரக்ட்3டி 12, மெட்டல் ஆகிய மூன்றின் மீதும் இயங்கும் ஒரே ஜிபியு இடைமுகமும் சேர்ந்தது. எதைத் தேர்வது என்று தெரியாத ஒருவருக்கு நான் கை காட்டுவது இதைத்தான். படிக்க எளிமை முக்கியம் என்றால் சி மொழியின் 1999 தர வரையறையான சி99-இல் எழுதப்பட்ட ரேலிப் லைப்ரரி இன்னும் இதமானது. சில வரிகளில் வட்டம் திரைக்கு வந்துவிடும். பொத்தான், மெனு, உரைப்பெட்டி நிறைந்த அலுவலகச் செயலி என்றால் இரண்டும் வேண்டாம், ஜிடிகே பக்கம் போங்கள்.

ஜிபியுவில் வரைவதற்கான பழைய இடைமுகமான ஓப்பன்ஜிஎல்-ஐ நேரடியாக எழுத விரும்புவோருக்கு ஜிஎல்எஃப்டபிள்யூ போதும். அது விண்டோவும் உள்ளீடும் மட்டும் தரும், வரைவது உங்கள் பொறுப்பு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. விண்டோ 800×600 என்று கேட்டாலும், மேக்கின் ரெட்டினா திரையில் உண்மையான புள்ளிகள் 1600×1200. விண்டோவின் அளவையே வரையும் பரப்பின் அளவாகக் கொடுத்தால், படம் முழுதும் இடது கீழ்க் கால்பகுதிக்குள் ஒடுங்கிவிடும். உண்மையான புள்ளிகளைத் தாங்கும் பரப்பான பிரேம்பஃபரின் அளவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண திரையில் மட்டும் சோதித்தால் இந்தப் பிழை கண்ணிலேயே படாது. மேலும், ஆப்பிள் 2018-இலேயே ஓப்பன்ஜிஎல்-ஐக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது. மேக்கில் அது 4.1 பதிப்போடு நிற்கிறது. வல்கன் நவீனமானதுதான், ஆனால் அதில் முதல் முக்கோணத்துக்கே நூற்றுக்கணக்கான வரிகள் எழுத வேண்டும். தொடக்கத்திலேயே அதில் இறங்க நான் சொல்லமாட்டேன்.

உரிமம் பற்றிக் கவலை வேண்டாம். எஸ்டிஎல், ரேலிப், ஜிஎல்எஃப்டபிள்யூ மூன்றும் தாராளமான ஸ்லிப் (zlib) வகை உரிமத்தில் வருகின்றன, வணிகச் செயலியிலும் பயன்படுத்தலாம்.

தமிழில் எழுத்துக் காட்டப்போகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்று. யுனிகோடில் 'கொ' என்பது 'க' என்ற எழுத்தும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். அந்தக் குறியின் ஒரு பாதி எழுத்துக்கு முன்னும் மறுபாதி பின்னும் வர வேண்டும். குறியீட்டுக்கு ஒரு வடிவம் என்று வரிசையாக வரையும் லைப்ரரியில் இது உடைந்துதான் தெரியும்; ரேலிப்பின் சாதாரண எழுத்து வசதி அப்படித்தான் வரைகிறது. இடமாற்றிச் சேர்க்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி செய்கிறது. ஜிடிகே-வில் அது, எழுத்துகளை அடுக்கும் பாங்கோ என்ற லைப்ரரி வழியாக வந்துவிடும். எஸ்டிஎல் என்றால் ஹார்ஃப்பஸ் சேர்த்துக் கட்டப்பட்ட எஸ்டிஎல்-டிடிஎஃப் என்ற எழுத்துத் துணை லைப்ரரி வேண்டும். தேர்வை உறுதி செய்யுமுன் 'கொ', 'கௌ', 'க்ஷ' மூன்றையும் திரையில் வரைந்து பார்த்துவிடுங்கள்.