கால்நடை மருத்துவக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் புறநோயாளிப் பதிவேட்டைக் கேளுங்கள்

கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தச் சொன்னால் பெரும்பாலான வீடுகளில் முடிவு ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறது. சென்னை கிடைத்தால் சென்னை, இல்லாவிட்டால் ஊருக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அது. ஐந்தரை ஆண்டுப் படிப்பை இப்படித் தீர்மானிப்பது வருத்தமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி. அண்டு ஏ.எச். படிக்க ஏழு இடங்கள் உள்ளன: 1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கல்லூரி, 1985-ல் வந்த நாமக்கல், 2012-ல் வந்த திருநெல்வேலியும் ஒரத்தநாடும், 2020-ல் வந்த தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி. ஏழும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள். பாடத்திட்டத்தை இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் வகுக்கிறது, பட்டத்தைத் தருவது ஒரே பல்கலைக்கழகம். டி.என்.பி.எஸ்.சி. வழியாகக் கால்நடை உதவி மருத்துவர் வேலைக்குப் போகும்போது எந்தக் கல்லூரி என்பதற்குத் தனி மதிப்பெண் கிடையாது.

பிறகு எதில்தான் வேறுபாடு? உங்கள் பிள்ளையின் கைக்கு எத்தனை விலங்குகள், என்னென்ன விலங்குகள் வந்து சேரும் என்பதில்தான்.

சினைப் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். மாட்டின் ஆசனவாய் வழியாகக் கையை நுழைத்து, குடல் சுவருக்கு அப்பால் இருக்கும் கருப்பையை விரல்களால் உணர வேண்டும். முதல் சில மாடுகளில் மாணவருக்கு எதுவுமே பிடிபடாது. சாணமும் குடலின் இறுக்கமும்தான் தெரியும், கை மரத்துப்போகும். பிறகு கருப்பை வாய் பிடிபடும். அதன் பின்னரே கருப்பையின் இரண்டு கொம்புகளில் ஒன்று பருத்திருப்பதும், உள்ளே நீர் ததும்புவதும் புலப்படும். இரண்டு, மூன்று மாதச் சினையையும் கருப்பையில் சீழ் கட்டியிருப்பதையும் வேறுபடுத்திச் சொல்ல இன்னும் பல மாடுகள் தேவை. இதில் தவறினால் விளைவு சிறியதல்ல. சீழ் என்று நினைத்துப் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டால் நல்ல சினை கலைந்துவிடும். ஒரு குடும்பத்தின் அடுத்த ஈற்றுப் பால் அதோடு போயிற்று. பத்து மாட்டில் கை வைத்துவிட்டு வெளியே வருபவரும் இருநூறு மாட்டில் கை வைத்தவரும் ஒரே சான்றிதழைத்தான் வைத்திருப்பார்கள். மாட்டுக்காரருக்கு அந்த வேறுபாடு முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.

கன்று ஈன்ற மறுநாள் எழ முடியாமல் கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்திருக்கும் பால் காய்ச்சல் மாட்டுக்கும் இதே கதைதான். கால்சியம் போரோகுளுக்கோனேட் 450 மி.லி. பாட்டிலை நரம்பில் ஏற்ற வேண்டும் என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. எவ்வளவு மெதுவாக ஏற்றுவது, இதயத் துடிப்பு தடுமாறத் தொடங்கும்போது எந்தக் கணத்தில் நிறுத்துவது என்பதைக் காதில் ஸ்டெதஸ்கோப்போடு மாட்டின் அருகில் உட்கார்ந்துதான் கற்க முடியும். வேகமாக ஏற்றினால் மாடு கண்முன்னே இறந்துவிடும்.

ஆகவே 'இங்கே நிறையக் கேஸ் வருகிறதா' என்ற கேள்வி பாதிக் கேள்விதான். வருகிற கேஸை எத்தனை கைகள் பங்குபோடுகின்றன என்பது மறுபாதி. பெரிய மருத்துவமனையில் அரிய நோய்களும் அறுவை சிகிச்சைகளும் வரும். கூடவே முதுநிலை மாணவர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் இருப்பார்கள். கத்தியும் ஸ்கேன் கருவியும் முதலில் அவர்கள் கைக்குப் போவது இயல்பு. இளநிலை மாணவர் மூன்றாம் வரிசையில் எட்டிப்பார்த்துக் குறிப்பெடுப்பார். சிறிய கல்லூரியில் கேஸ் குறைவாக இருக்கலாம், ஆனால் டிராவிஸில் (மாட்டை அசையாமல் நிறுத்தும் கம்பிச் சட்டத்தில்) மாடு நின்றால் 'வாப்பா, நீ கை விடு' என்று இளநிலை மாணவரையே கூப்பிடுவார்கள். எலும்பு அறுவை, கண் அறுவை, நாய்களின் இதய நோய் என்று சிறப்புத் துறைக்குள் போக நினைப்பவருக்குப் பெரிய மருத்துவமனையில் பார்த்துக் கற்பதும் பெரிய சொத்து. கிராமத்தில் மருந்தகம் நடத்தப்போகிறவருக்கு என் பரிந்துரை, கை படும் இடம்.

அடுத்தது விலங்கினம். வேப்பேரியில் நாய், பூனை வரத்து மிக அதிகம், குதிரையும் வரும். செல்லப் பிராணி மருத்துவத்தில் நாட்டமுள்ளவர் அதை முதலில் வைப்பது சரியே. நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணைகளின் நடுவே இருக்கிறது. கோழி நோயியல், தீவனப் பகுப்பாய்வு, பண்ணை ஆலோசனை என்று போகிறவருக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை. திருநெல்வேலிச் சீமையில் செம்மறியும் வெள்ளாடும் அதிகம். ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி, நீலநாக்கு நோய்களைப் படத்தில் பார்க்காமல் மந்தையிலேயே பார்க்கலாம். ஒரத்தநாட்டுக்குச் சுற்றிலும் டெல்டாவின் உம்பளச்சேரி மாடுகள். உடுமலைப்பேட்டைக்கு ஒருபக்கம் காங்கேயம் மாடுகள், மறுபக்கம் கறிக்கோழிப் பண்ணைகள், தெற்கே ஆனைமலைக் காடு. தேனியில் மலைமாடுகள். பிள்ளை எந்த விலங்கோடு வாழ்நாளைக் கழிக்க விரும்புகிறது என்று ஒருமுறையாவது கேட்டுவிட்டுப் பட்டியலைப் போடுங்கள்.

விருப்பப் பட்டியலைப் பதிவதற்கு முன் முடிந்தவரை நேரில் போய்ப் பாருங்கள். ஞாயிறோ விடுமுறையோ வேண்டாம். வேலை நாளில் காலை 9 மணிக்குப் போய், நிர்வாகக் கட்டடத்துக்குப் போகாமல் நேராகச் சிகிச்சை வளாகத்தில் இரண்டு மணிநேரம் நில்லுங்கள். எத்தனை மாடு வண்டியிலிருந்து இறங்குகிறது, ஊசி போடுவது யார், மாணவர்கள் கையில் இருப்பது கையுறையா கைப்பேசியா என்று கவனியுங்கள். புறநோயாளிப் பதிவேட்டில் மாடு, ஆடு, நாய், கோழி தனித்தனியாக மாதம் எத்தனை என்று கேளுங்கள். பிறகு இறுதியாண்டு மாணவரையோ உள்ளிருப்புப் பயிற்சியில் இருப்பவரையோ பிடித்து இப்படிக் கேளுங்கள்: நீங்களே தனியாகத் தையல் போட்ட காயம் எத்தனை? கன்று மாட்டிக்கொண்ட பிரசவத்தில் கை வைத்ததுண்டா? கிராமத்துக்குப் போகும் நடமாடும் சிகிச்சை வண்டி வாரத்தில் எத்தனை நாள் ஓடுகிறது? பிரேதப் பரிசோதனைக் கூடத்தில் கடைசியாக எப்போது நின்றீர்கள்? பதில் தயங்கி வந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளிருப்புப் பயிற்சி முழுதாக ஓராண்டு. அந்த ஆண்டில் இரவுப் பணி உண்டா என்பது முக்கியம். கருப்பை முறுக்கு, அடி தள்ளுதல் (கருப்பை வெளியே பிதுங்குவது), வயிற்று உப்புசம் எல்லாம் நள்ளிரவில்தான் வண்டியேறி வரும். பெண் பிள்ளைகளின் பெற்றோர் இதைத் தனியாகக் கேட்க வேண்டும்: மாணவியருக்கும் இரவுப் பணி சமமாகத் தரப்படுகிறதா, விடுதிக்குத் திரும்பப் பாதுகாப்பான ஏற்பாடு இருக்கிறதா? விடுதிக் கதவு சீக்கிரம் மூடுவதாலேயே பிரசவக் கேஸ்களை இழக்கும் மாணவி பின்னாளில் களத்தில் தேவையில்லாமல் அஞ்சுவார்.

அங்கீகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதில்தான் பணம் போகிறது. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற பட்டத்துக்கே மாநிலக் கவுன்சிலில் பதிவு கிடைக்கும். பதிவு இல்லாமல் மருத்துவம் பார்க்க முடியாது. புதிய கல்லூரி முதலில் அனுமதிக் கடிதத்தோடு தொடங்கும், முழு அங்கீகாரம் ஆய்வுகளுக்குப் பிறகே வரும். வெளிமாநிலத் தனியார் கல்லூரிக்கு இடைத்தரகர் அழைத்தால், கல்லூரி காட்டும் தாளை நம்பாமல், நீங்கள் சேரும் ஆண்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று இந்தியக் கவுன்சிலின் இணையதளத்தில் பாருங்கள். புதிய அரசுக் கல்லூரிகளுக்கும் அவற்றின் இப்போதைய நிலையை அங்கேயே பார்த்துவிடுவது நல்லது.

சேர்க்கை வழிகளைக் குழப்பிக்கொள்பவர்களும் அதிகம். தமிழ்நாட்டின் மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணில். 15 சதவீத அகில இந்திய இடங்கள் நீட் மதிப்பெண்ணில், அதுவும் இந்தியக் கவுன்சில் நடத்தும் தனிக் கலந்தாய்வில். எம்.பி.பி.எஸ். கலந்தாய்வுக்குப் பதிந்தால் இதுவும் சேர்ந்து வரும் என்று காத்திருந்து தேதியைத் தவறவிடுகிறார்கள். புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள கல்லூரிக்கு, புதுச்சேரி அரசின் சேர்க்கை அமைப்பான சென்டாக் வழி தனி. தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகத்தின் உணவு, கோழியின, பால்வளத் தொழில்நுட்ப பி.டெக். படிப்புகள் நல்லவையே, ஆனால் அவற்றை முடித்தவர் கால்நடை மருத்துவர் ஆக முடியாது.

எங்கே சேர்ந்தாலும், சிகிச்சை வளாகத்தில் கால் வைப்பதற்கு முன் வெறிநாய்க்கடி முன்தடுப்பூசி போட்டாக வேண்டும்: 0, 7, பிறகு 21 அல்லது 28-ஆம் நாள் என்று மூன்று ஊசி. கல்லூரியே போடுகிறதா என்று சேரும்போது கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே போட்டுவிட்டு அனுப்புங்கள். நஞ்சுக்கொடி தங்கிய மாட்டில் தோள்வரை நீளும் கையுறை இல்லாமல் கை விடச் சொன்னால் மறுக்கும்படி பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். கருச்சிதைவு நோயை உண்டாக்கும் புருசெல்லா கிருமி அந்த வழியாகவும் மருத்துவருக்கு ஒட்டிக்கொள்கிறது.