நமத்துப்போன பாப்கார்னும் நல்ல பழக்கமும்

திரையரங்குக்கு வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு பொட்டலம் பாப்கார்ன் கொடுத்தார்கள். சிலருக்கு அப்போதுதான் பொரித்தது. சிலருக்கு ஏழு நாள் பழையது, நமத்துப்போனது. படம் பார்க்கும்போதெல்லாம் பாப்கார்ன் கொறித்துப் பழகியவர்கள், பிடிக்காமலேயே நமத்ததையும் கிட்டத்தட்ட அதே அளவு தின்றார்கள். அவர்களைப் போன்றவர்களே கூட்ட அறையில் உட்கார்ந்தபோது அப்படித் தின்னவில்லை. டேவிட் நீல், வெண்டி வுட் முதலான உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இது.

கையை நகர்த்தியது ருசி அல்ல, இடம். பழக்கம் வேலை செய்யும் விதமே இதுதான். நாம் வளர்த்துக்கொள்ள நினைக்கும் நல்ல பழக்கங்களும் இப்படித்தான் ஓடுகின்றன.

புதிய செயலை மூளையின் முன்பகுதி ஒவ்வொரு அடியாக யோசித்து நடத்துகிறது, அதனால்தான் அலுப்பு. ஒரே சூழலில் திரும்பத் திரும்பச் செய்தால், மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியா அந்தப் பொறுப்பை மெல்ல ஏற்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நரம்பியலாளர் ஆன் கிரேபியலின் குழு எலிகளை ‘டி’ எழுத்து வடிவப் பாதையில் ஓடவிட்டு அப்பகுதியின் நரம்பணுக்களைக் கவனித்தது. ஆரம்பத்தில் ஓட்டம் முழுக்கத் துடிப்பு இருந்தது. பழகிய பிறகோ தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே அது ஓங்கியது. இடையில் இருந்ததெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டுவிட்டது போல.

அந்த மூட்டையை அவிழ்த்துவிடுவது தொடக்கக் குறிதான். பல் துலக்கி முடித்ததும் இரண்டு தண்டால் என்றால், துலக்குவது குறி. இருபது தண்டால் என்று வைத்துக்கொண்டால் களைத்த நாளில் தட்டிக்கழிப்போம். குறிக்கும் செயலுக்கும் உள்ள முடிச்சு அன்று இறுகாது. சிறிதாகத் தொடங்கச் சொல்வது இதற்காகத்தான். இரண்டு தண்டாலில் புஜம் பருக்காது என்பது உண்மைதான். அளவைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

தினம் ஒரு சதவீதம் முன்னேறினால் ஓராண்டில் 37 மடங்கு என்றொரு கணக்கு உலவுகிறது. பெருக்கல் சரி, ஆனால் மனிதர் கூட்டுவட்டியில் வளர்வதில்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஆய்வாளர் ஃபிலிப்பா லாலி, புதிய பழக்கம் தொடங்கிய 96 பேரை 84 நாள் தொடர்ந்தபோது கிடைத்த வரைகோடு இதற்கு நேர்மாறு. முதல் சில வாரங்களில் செயல் வேகமாகத் தானியங்கியாகிறது, பிறகு கோடு படுத்துவிடுகிறது. அந்த மட்டத்தை எட்டப் பாதிப்பேருக்கு 66 நாளுக்குள், மீதிப்பேருக்கு அதற்கு மேல் ஆனது. ஆளையும் செயலையும் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை (84 நாளைத் தாண்டியவை கோட்டை நீட்டிக் கணித்தவை). தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஒட்டியது, உடற்பயிற்சி இழுத்தடித்தது.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்ற பிரபலமான பேச்சு எங்கிருந்து வந்தது? மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒப்பனை அறுவை மருத்துவர் 1960இல் எழுதியது அது. நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றார் அவர். ‘குறைந்தது’ வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

லாலியின் ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறு: ஒரு நாள் விட்டுப்போனது வரைகோட்டை ஏறக்குறைய அசைக்கவே இல்லை. இடம் மாறுவதுதான் அதைவிட ஆபத்து. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிய மாணவர்களை வெண்டி வுட் குழு 2005இல் ஆராய்ந்தபோது, சூழல் பழையபடியே அமைந்தவர்களிடம்தான் உடற்பயிற்சியும் செய்தித்தாள் வாசிப்பும் பழக்கமாகவே தொடர்ந்தன. வீடு மாறினால், சாமான்களை இறக்கிய கையோடு புதிய குறியையும் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.