நினைவு ஸ்தூபி: சொல் விளக்கம்

வேலூர் மக்கான் சந்திப்பில் 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சியின் நினைவாக ஒரு தூண் நிற்கிறது. புதிய வகைத் தலைப்பாகையைக் கட்டாயமாக்கி, நெற்றிக் குறியையும் தாடியையும் காதணியையும் தடை செய்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிப் படையின் ஆணைகளை எதிர்த்து, அவ்வாண்டு ஜூலை 10 அன்று கோட்டைக்குள் எழுந்து மடிந்த இந்தியச் சிப்பாய்களுக்கு ஆண்டுதோறும் அதே நாளில் அங்கே மலர் வைத்து வணக்கம் செலுத்துவார்கள். அத்தூணை நினைவுத்தூண் என்று சிலரும் நினைவு ஸ்தூபி என்று சிலரும் சொல்கிறார்கள். சாலையோரத்தில் வரலாற்றுச் செய்தியைத் தாங்கி நிற்கும் எந்தக் கல்லையும் ஸ்தூபி என்று எழுதிவிடும் பழக்கம் பரவியிருப்பதால், அச்சொல் எங்கிருந்து வந்தது, இந்த மண்ணில் அதற்கு உரிய சொல் எது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஸ்தூபம் என்னும் வடசொல்லுக்குக் குவியல், மேடு என்பது பொருள். பாலி மொழியில் அது தூப என்று ஆகிறது; நறும்புகையைக் குறிக்கும் தூபம் வேறு. புத்தரின் எச்சங்களை உள்ளே வைத்து, மேலே அரைக்கோளமாக எழுப்பிய சாஞ்சி, அமராவதி மேடுகளுக்கு அதுவே பெயர். தமிழ்நாட்டுக் கோயில் வழக்கில் இச்சொல் ஸ்தூபி, தூபி என்று வந்து, விமானத்தின் உச்சியையும் கலசத்தையும் குறித்தது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் ஸ்தூபித் தறியில், அதாவது உச்சியில் கலசம் தாங்கும் தண்டில், வைப்பதற்கு முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டில் செப்புக்குடம் கொடுத்ததை அக்கோயில் கல்வெட்டே சொல்கிறது. ஆகவே ஸ்தூபி என்றால் ஒன்று மேடு, இல்லையேல் உச்சி. தரையில் ஊன்றி நிற்கும் கல்லுக்கும் தூணுக்கும் அச்சொல் பொருந்துவதில்லை.

ஊன்றி நிற்கும் நினைவுக் கல்லுக்குத் தமிழில் நடுகல் என்று பெயர். நடு என்னும் வினையும் கல் என்னும் பெயரும் சேர்ந்த வினைத்தொகை அது. நட்ட கல், நடுகின்ற கல், இனி நடப்போகும் கல் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். இறந்தவருக்குக் கருமாதியின்போது கல் நடுகிற வழக்கம் இன்றும் இருப்பதால், யாருக்கும் இதை அகராதி பார்த்து விளக்க வேண்டியதில்லை. கல்லைத் தேர்ந்தெடுக்கும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று தொல்காப்பியம் இதன் சடங்குகளை வரிசைப்படுத்துகிறது. "பெயரும் பீடும் எழுதி அதர்தொறும் பீலி சூட்டிய" நடுகல் என்பது அகநானூறு. அதர் என்றால் வழி. வழிதோறும் நட்டு, பெயரையும் பெருமையையும் எழுதி, மயிற்பீலி சூட்டிய கல் என்று அவ்வடி சொல்கிறது. இன்று நாம் வரலாற்று அடையாளக் கல்லில் எதிர்பார்ப்பனவும் இடம், பெயர், நிகழ்ச்சி ஆகிய இவைதாம்.

வட ஆர்க்காட்டுக்காரர்கள் மனத்தில் இருத்த வேண்டியது பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம். அது செங்கண்மாவில், அதாவது இன்றைய செங்கத்தில் இருந்து ஆண்ட நன்னனிடம் செல்லும் கூத்தருக்கு வழி சொல்லும் பாட்டு. 1989இல் மாவட்டம் பிரியும்வரை செங்கம் வட ஆர்க்காட்டில்தான் இருந்தது. வழி கிளை பிரியும் இடத்தைக் கவலை என்று அப்பாட்டு அழைக்கிறது. அத்தகைய கவலைகளில், தோற்றோடாமல் உயிர் கொடுத்த மறவருக்குச் "செல்லா நல்லிசைப் பெயரொடு நட்ட கல்" மிகப் பல உண்டு, அவற்றின் முன் தொன்றுதொட்ட மரபுப்படி இசைத்துவிட்டு விரைந்து செல்லுங்கள் என்கிறார் புலவர். அடுத்து, ஊருக்குப் புதியவர்களாகிய நீங்கள் வழிகள் சந்திக்கும் இடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இடுங்கள் என்கிறார். போகும் இடத்தின் பெயரை அறியும்படி கல்லில் கொத்தி எழுதியிருப்பதையும் அதையொட்டியே சொல்கிறார். நினைவுக் கல், வழிக்குறி, ஊர்ப்பெயர்க் கல் ஆகிய மூன்றும் சில அடிகளுக்குள் வந்துவிடுகின்றன. பத்துக் கல் தொலைவு என்று மைலையே கல்லால் சொன்ன பேச்சுவழக்கு இந்த மரபுக்கு அயலானதன்று.

பாட்டில் படிப்பதை மண்ணிலும் காணலாம். செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. தன் எருமைகளைக் காக்கும் போரில் பட்ட, அதாவது இறந்த, கருந்தேவக்கத்தி என்னும் வீரன் அதில் ஆயுதத்துடன் நிற்கிறான். அவன் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியை அதற்கென்று தனியே பொறித்திருக்கிறார்கள். ஒரு நாயின் பெயர் பதின்மூன்று நூற்றாண்டுகளைத் தாண்டி நம்மிடம் வந்து சேர்ந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. ஆம்பூரிலும் நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்துக் கற்கள் உண்டு. தொறு என்னும் ஆநிரையைக் கவர வந்த நுளம்ப மரபு அரசனின் படையை எதிர்த்துப் பட்டவர்களுக்கு நட்டவை அவை. இக்கற்களின் வாசகம் பெரும்பாலும் "பட்டான் கல்" என்றே முடியும். கல்லை வெட்டியவர்களே அதைக் கல் என்றுதான் அழைத்தார்கள். எழுத்து மங்கிப் போன பின்பும் செங்கம் பக்கத்து மக்கள் இவற்றுள் பலவற்றை வேடியப்பன் என்று வணங்குவதால்தான் அவை உடைபடாமல் தப்பின.

எனவே சொற்களை இப்படி ஆளலாம். வேலூரில் இருப்பது தூண் வடிவம் ஆதலால் நினைவுத்தூண் என்பதே சரி. இறந்தவரின் பெயரையும் செயலையும் தாங்கிய கல் பழையதாயினும் புதியதாயினும் நடுகல். யாரும் இறவாத நிகழ்ச்சியைக் குறிக்கும் கல்லை நினைவுக்கல் என்றும், செய்தியை மட்டும் எழுதிய தகட்டை வரலாற்றுப் பலகை என்றும் சொல்லலாம். எடுத்தனூருக்கு வழிகாட்டும் பலகை ஒன்று எழுத நேர்ந்தால், "பழங்கால நினைவுச் சின்னம்" என்று பொதுப்பட எழுதாமல், "கருந்தேவக்கத்தி நடுகல்" என்று எழுதி, அதன் கீழே கோவிவன் பெயரையும் சேர்க்க வேண்டும்.