பனிக்குட நீரும் மஞ்சள் தாளும்

நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் நள்ளிரவில் பிரசவ வார்டுக்கு வருகிறார். உடை நனைந்திருக்கிறது, பனிக்குடம் உடைந்ததா, அடக்க முடியாமல் சிறுநீர் கசிந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. மருத்துவர் பஞ்சுக்குச்சியால் ஒரு துளி எடுத்து, நைட்ரசின் என்னும் சாயம் ஏற்றிய மஞ்சள் தாளில் ஒற்றுகிறார். தாள் மஞ்சளாகவே நின்றால் கவலை குறைகிறது. நீலமாக மாறினால், கசிந்தது பனிக்குட நீராக இருக்கும் வாய்ப்பு மிகுதி.

யோனியில் வாழும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரப்பதால், அங்குள்ள பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) வழக்கமாக 3.8 முதல் 4.5 வரை இருக்கும். பனிக்குட நீரின் பிஎச்சோ 7.0 முதல் 7.5 வரை. பிஎச் மடக்கை அளவுகோலாகையால், அதாவது ஓர் அலகு குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுவதால், 4க்கும் 7க்கும் இடையே ஹைட்ரஜன் அயனிச் செறிவில் ஆயிரம் மடங்கு வேறுபாடு உண்டு. நைட்ரசினின் நிறமாற்றம் இவ்விரண்டுக்கும் நடுவே நிகழ்வதால்தான் அது இங்கே பயன்படுகிறது.

வியப்பு என்னவென்றால், கர்ப்பத்தின் பிற்பாதியில் இந்த நீரில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர்தான். முதல் சில மாதங்களில் கருவின் தோல் கெட்டிப்படாமல் இருப்பதால், நீரும் உப்புகளும் அதன் வழியாகத் தாராளமாகப் போய்வருகின்றன. பனிக்குட நீர் அப்போது ஏறத்தாழ கருவின் உடல்திரவத்தின் நீட்சியே. தோல் தடித்த பிறகு சிறுநீரகங்கள் முன்னுக்கு வருகின்றன. பிரசவ காலம் நெருங்கும்போது குழந்தை நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் சிறுநீர் கழிக்கிறது. அதில் பெரும்பகுதியைத் திரும்ப விழுங்கவும் செய்கிறது. அந்தச் சிறுநீர் மிகவும் நீர்த்தது, சற்றே அமிலத்தன்மை கொண்டது, அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் குறைந்தது. ஆகவே மாதங்கள் செல்லச் செல்ல பனிக்குட நீரின் பிஎச் மெல்ல இறங்கி, நடுநிலைக்கு அருகில் வந்து நிற்கிறது.

ஏன் அதற்கும் கீழே இறங்குவதில்லை? குழந்தையின் உடலில் உருவாகும் அமிலத்தின் பெரும்பங்கு கார்பன் டை ஆக்சைடாகத் தொப்புள்கொடி வழியே நஞ்சுக்கொடியை அடைந்து, தாயின் நுரையீரல் மூலம் வெளியேறிவிடுகிறது. கர்ப்பிணி வழக்கத்தைவிட ஆழமாக மூச்சு விடுவதால் அவருடைய இரத்தத்தில் அந்த வாயுவின் அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரசத்திலிருந்து ஏறக்குறைய 30க்கு இறங்குகிறது. குழந்தையிடமிருந்து வாயு இறங்கி வருவதற்கான சரிவு அதனால் கூடுகிறது. 'மூச்சு வாங்குகிறது' என்று கர்ப்பிணிகள் சொல்வதில் இதற்கும் பங்குண்டு.

பனிக்குட நீரில் ஹீமோகுளோபின் இல்லை, புரதமும் சொற்பம்; எனவே அமிலத்தைத் தாங்கும் வேலை பெரும்பாலும் பைகார்பனேட்டின் தலையில் விழுகிறது. லிட்டருக்கு 16 மில்லிமோல் பைகார்பனேட், 50 மில்லிமீட்டர் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் என்று வைத்துக் கணக்கிட்டால் பிஎச் 7.13 வரும். அதே துளியைத் திறந்து வைத்தால் வாயு காற்றில் கலந்து, பிஎச் 8ஐ நோக்கி ஏறும். துல்லியமான அளவீட்டுக்கு மாதிரியைக் காற்றுப்படாமல் அடைத்து வைக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

எல்லாப் பாலூட்டிகளிலும் ஏற்பாடு ஒன்றல்ல. ஆட்டில் குட்டியின் சிறுநீரில் ஒரு பகுதி அலன்டாயிஸ் என்னும் தனிப்பைக்குப் போகிறது. மனிதரில் அந்தப் பை வளராமல் நின்றுவிடுவதால் அனைத்தும் பனிக்குடத்துக்கே வருகிறது. கருப்பையிலுள்ள ஆட்டுக்குட்டியின் நுரையீரல் சுரக்கும் திரவம் இன்னும் விசித்திரமானது: குளோரைடு மிகுந்து, பைகார்பனேட் லிட்டருக்கு 3 மில்லிமோல் அளவுக்குச் சுருங்கி, பிஎச் 6.3 அருகில் நிற்கும். அத்திரவத்தின் ஒரு பகுதியைக் குட்டி விழுங்கிவிடுகிறது.

மஞ்சள் தாளை முழுக்க நம்பிவிடவும் கூடாது. இரத்தம், விந்து, பாக்டீரியத் தொற்று ஆகியவையும் அதை நீலமாக்கும். ஐயம் எழுந்தால் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் உலரவிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பனிக்குட நீரின் உப்பும் புரதமும் சேர்ந்து, பெரணி இலையைப் போலக் கிளை கிளையாகப் படிகமாகியிருக்கும்.