ஒரு கட்டை இறங்கிய குரல்

“ராக் குழுவில் நான்கு பேர்தான் இருக்கிறார்கள். பாட்டைக் கேட்டால் நாற்பது பேர் வாசிப்பதுபோல் இருக்கிறதே, எப்படி? மேடையில் வாசிப்பதை அப்படியே பதிவு செய்வதுதானே?” என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருந்தார்.

அப்படிச் செய்த காலமும் உண்டு. மைக்கைச் சுற்றி எல்லாரும் நின்று வாசிப்பார்கள். ஒருவர் தப்பினால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பல தடங்கள் கொண்ட காந்த நாடா வந்தபிறகு அந்த அவஸ்தை தீர்ந்தது. யாரோ ஒருவர் கிட்டாரில் ஒரு மெட்டோடும் அரைகுறை வரிகளோடும் வருவார். மற்றவர்கள் கூடச் சேர்ந்து வாசித்துப் பார்த்து, பல்லவி எத்தனை முறை, எங்கே நிறுத்தம் என்று முடிவு செய்வார்கள். பெரும்பாலும் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் முதலில் பதிவாகும். அதை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே மற்றவர்கள் தங்கள் பங்கை வேறு வேறு தடங்களில் சேர்ப்பார்கள். அப்புறம் எல்லாவற்றையும் அளவாகக் கலந்தால் பாட்டு தயார். ஒரே ஆள் மூன்று கிட்டார் வாசிக்கலாம், தனக்குத் தானே கோரஸும் பாடிக்கொள்ளலாம். நான்கு பேர் நாற்பது பேராவது இப்படித்தான்.

கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் ஒலிப்பதிவு என்று பேச்செடுத்துவிட்டு, இங்கிலாந்தின் பீட்டில்ஸ் ராக் குழுவின் ‘ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாட்டைத் தொடாமல் எழுந்துபோக எனக்கு மனம் வரவில்லை. கணினியே இல்லாமல் ஒரு பாட்டுக்குள் இரண்டு பாட்டை ஒட்டிய கதை அது.

1966 இலையுதிர் காலத்தில் பீட்டில்ஸின் ஜான் லென்னன் ஒரு படத்தில் நடிக்க ஸ்பெயினின் அல்மெரியாவுக்குப் போயிருந்தார். படப்பிடிப்பில் காத்திருக்கும் நேரமே அதிகம். அங்கேதான் கிட்டாரை வைத்துக்கொண்டு இந்தப் பாட்டைத் தொடங்கினார். ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட் என்பது லிவர்பூலில் அவர் வளர்ந்த வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த, சால்வேஷன் ஆர்மி நடத்திய குழந்தைகள் இல்லத்தின் பெயர். ஊர் திரும்பி, நவம்பர் 24-ஆம் தேதி லண்டன் அபி ரோட்டில் உள்ள இஎம்ஐ ஸ்டுடியோவில் பதிவைத் தொடங்கினார்கள்.

முதல் வடிவம் அமைதியானது. தொடக்கத்தில் புல்லாங்குழல்போல் கேட்பது புல்லாங்குழல் கிடையாது, மெலோட்ரான் என்ற கருவி. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு துண்டு நாடா இருக்கும். கட்டையை அழுத்தினால் யாரோ முன்பு ஊதிவைத்த அந்தச் சுரம் சுமார் 8 விநாடி ஓடும். விரலை எடுத்தால் நாடா பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். அன்று ஸ்டுடியோவில் இருந்த நாடாவில் நான்கு தடங்கள்தான். நான்கும் நிரம்பிவிட்டால் அவற்றைக் கலந்து இன்னொரு நாடாவுக்கு ஏற்றி இடம் பிடிப்பார்கள். அப்படி ஏற்றும்போது புது எண்ணும் போடுவார்கள். 6-ஆவது டேக்கை, அதாவது ஆறாம் முறை வாசித்த பதிவை, சுருக்கி ஏற்றியதில் கிடைத்ததுதான் 7-ஆவது டேக். பாட்டு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

லென்னனுக்குத் திருப்தி இல்லை. டிசம்பரில் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினார்கள். இந்த முறை வேகமும் கூடுதல், சுருதியும் கூடுதல். முரட்டு டிரம்ஸ், பின்னோக்கி ஓடவிட்ட சிம்பல் ஓசை, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் எழுதிக்கொடுத்த நான்கு டிரம்பெட்டும் மூன்று செல்லோவும், போதாததற்குக் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் மீட்டிய நம்மூர் ஸ்வரமண்டல். திரும்பத் திரும்ப வாசித்தும் சுருக்கி ஏற்றியும் எண் 26-க்கு வந்து நின்றது.

இரண்டையும் கேட்ட லென்னன், முதல் வடிவத்தின் தொடக்கமும் இரண்டாவதன் முடிவும் வேண்டும், ஒட்டிவிடுங்கள் என்றார். இரண்டும் வேறு சுருதி, வேறு வேகம் என்று மார்ட்டின் சொல்லிப் பார்த்தார். லென்னன் அசரவில்லை, உங்களால் முடியும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இனிதான் அறிவியல். நாடா என்பது இரும்பு ஆக்சைடு தூள் பூசிய பிளாஸ்டிக் பட்டை. மைக்கிலிருந்து வரும் மின்னோட்டத்துக்கு ஏற்ப, பதிவுத் தலை அந்தத் தூளைக் காந்தமாக்கிக்கொண்டே போகும். ஸ்டுடியோ நாடா விநாடிக்கு 38 செ.மீ. ஓடும். அதாவது நேரம் அங்கே நீளமாகப் படுத்துக் கிடக்கிறது: 1 விநாடிப் பாட்டு என்றால் 38 செ.மீ. பட்டை. 400 ஹெர்ட்ஸ் ஒலியைப் பதிவு செய்தால் அந்த 38 செ.மீ.க்குள் 400 காந்த அலைகள் வரிசையாக நிற்கும். இப்போது நாடாவை மெதுவாக ஓடவிட்டால் என்ன ஆகும்? ஒரு விநாடியில் தலையைக் கடக்கும் அலைகள் குறையும், சுருதி இறங்கும். அடிக்கு அடி இடைவெளியும் அதே விகிதத்தில் நீளும், தாளமும் இறங்கும். டேப் ரெக்கார்டரில் பேட்டரி இறங்கியபோது பாட்டு இழுத்துக்கொண்டே போனது நினைவிருக்கிறதா? அதே சங்கதிதான். சுருதியை மட்டும் தொடுகிறேன், வேகத்தை விட்டுவிடுகிறேன் என்று நாடாவிடம் பேரம் பேச முடியாது.

அந்தக் கண்டிப்புதான் மார்ட்டினைக் காப்பாற்றியது. 26-ஆவது டேக் சுருதியிலும் மேலே, வேகத்திலும் மேலே. ஆகவே அதை மெதுவாக ஓட்டினால் இரண்டும் சேர்ந்து கீழே வரும். இதுவே சுருதி மேலேயும் வேகம் கீழேயும் இருந்திருந்தால், ஒன்றைச் சரிசெய்யப் போய் மற்றது இன்னும் கெட்டிருக்கும். இரண்டு வித்தியாசங்களும் ஒரே திசையில், அதுவும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் அமைந்தது முழுக்க அதிர்ஷ்டம்.

எவ்வளவு குறைத்தார்கள்? சுமார் 11.5 சதவீதம். ஒரு ஸ்தாயியில் 12 அரைச்சுரங்கள். ஸ்தாயி ஏறினால் அதிர்வெண் இரட்டிப்பாகும். எனவே ஒவ்வோர் அரைச்சுரமும் சுமார் 6 சதவீத ஏற்றம். கணக்குப் போட்டால் 11.5 சதவீதக் குறைவு இரண்டு அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். நம் பாடகர்கள் பாஷையில் ஆறு கட்டையில் பாடியதை ஐந்து கட்டைக்கு இறக்கியதுபோல. நாடாவை ஓட்டும் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. அங்கேயும் நம்மைப்போல் 50 ஹெர்ட்ஸ்தான். சுவரில் வரும் மின்சாரத்துக்குப் பதிலாகத் தனியாக ஓர் அலையியற்றியிலிருந்து 44 ஹெர்ட்ஸ் அளவில் கொடுத்தால் மோட்டார் சமர்த்தாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது லென்னனின் குரலுக்கு நேர்ந்ததுதான். நாமாகவே ஒரு கட்டை இறக்கிப் பாடும்போது குரல்நாண்கள் மெதுவாக அதிர்கின்றன. தொண்டையும் வாயும் சேர்ந்த குழாயின் நீளம் பெரிதாக மாறுவதில்லை. ஆண்களுக்கு அது சுமார் 17 செ.மீ. அந்தக் குழாயின் ஒத்ததிர்வுகள்தான் ‘இது இன்னார் குரல்’ என்று நமக்குக் காட்டிக்கொடுப்பவை. நாடாவோ சுருதியோடு சேர்த்து இந்த ஒத்ததிர்வுகளையும் இறக்கிவிடுகிறது. காதுக்கு அது 19 செ.மீ. குழாயிலிருந்து வரும் குரலாகப் படுகிறது. குட்டையான திமிரி நாயனத்தில் கேட்டதை நீளமான பாரி நாயனத்தில் கேட்பதுபோல, பாட்டு அதே, உடம்பு வேறு. மூச்சும் மெய்யெழுத்துகளும்கூட நீண்டுவிடுகின்றன. இரண்டாம் முறை பல்லவி வரும்போது, சரியாக 1 நிமிடத்தில் ஒட்டு இருக்கிறது. அதற்குப் பிறகு வரும் குரல் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் கனத்துப்போவதற்கு இதுதான் காரணம். லென்னனின் தொண்டையால் நேரடியாக அப்படிப் பாட முடியாது.

டிசம்பர் 22 அன்று மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் ஒட்டு வேலையைச் செய்தார்கள். நாடாவை பிளேடால் வெட்டி, ஒட்டும் பட்டையால் சேர்ப்பதுதான் அன்றைய எடிட்டிங். நேராக வெட்டினால் ‘டக்’கென்று ஓசை வரும். அதனால் சாய்வாக வெட்டுவார்கள். கால் அங்குல அகல நாடாவை 45 டிகிரியில் வெட்டினால் ஒரு பக்கம் தேய்ந்து மறுபக்கம் வளர 6.35 மி.மீ. தூரம் கிடைக்கும், அதாவது 60-இல் ஒரு பங்கு விநாடி. இன்னும் சாய்த்தால் இன்னும் மெதுவாக மாறும்.

இன்று இந்தப் பேரமெல்லாம் தேவையில்லை. ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து, துண்டுகளின் இடைவெளியை மட்டும் மாற்றி, அலைகள் முறியாமல் திரும்பக் கட்டினால் சுருதி அப்படியே இருக்க, வேகம் மட்டும் மாறும். இந்த முறையை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளானகன், கோல்டன் இருவரும் கட்டுரையாக வெளியிட்டது எப்போது தெரியுமா? 1966 நவம்பரில்! அபி ரோட்டில் முதல் டேக் ஓடிய அதே மாதம். அவர்களுக்குப் பாட்டைப் பற்றிக் கவலை இல்லை. தொலைபேசிப் பேச்சைக் குறைந்த இடத்தில் அடக்குவதுதான் அவர்கள் பிரச்சினை. ஆய்வுக்குப் பணம் கேட்டால் ‘மூன்று வருடத்தில் என்ன பயன்?’ என்று கட்டம் போட்டுக் கேட்கும் படிவங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். தொலைபேசிக் கம்பிக்காகப் போட்ட கணக்கு ஒருநாள் இசை ஸ்டுடியோவுக்குள் நுழையும் என்று அந்தக் கட்டத்தில் யார் எழுதியிருக்க முடியும்?

பாட்டின் கடைசியில் லென்னன் என்னவோ முணுமுணுப்பார். 1969-இல் அமெரிக்காவில் ஒரு வதந்தி பற்றிக்கொண்டது: பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி எப்போதோ செத்துவிட்டார், இப்போது இருப்பவர் அவரைப்போன்ற வேறொருவர், லென்னன் முணுமுணுப்பது ‘பாலைப் புதைத்துவிட்டேன்’ என்பதைத்தான். லென்னனோ தான் சொன்னது ‘கிரான்பெர்ரி சாஸ்’ என்றார். மெக்கார்ட்னி இன்றும் பாடிக்கொண்டிருக்கிறார். அந்த முணுமுணுப்பு இருப்பது ஒட்டுக்குப் பிந்தைய பகுதியில் என்பதைக் கவனியுங்கள். 11.5 சதவீதம் இழுக்கப்பட்டு, கனத்துக் குழறும் குரலில் ஆளுக்கு ஒன்று கேட்பதில் ஆச்சரியம் இல்லை.

சோதித்துப் பார்க்க விரும்பினால் வேகத்தை 1.13 மடங்கு ஏற்றிக் கேளுங்கள். ஆனால் போனில் இருக்கும் வேகப் பொத்தான் இதற்கு உதவாது. அது சுருதியைத் தொடாது, குரல் அந்த 19 செ.மீ. குழாய்க்குள்ளேயே வேகவேகமாக முணுமுணுக்கும். வேகத்தையும் சுருதியையும் சேர்த்தே மாற்றும் மென்பொருள் வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தைத் திருகி மாற்றக்கூடிய ஒரு பழைய டேப் ரெக்கார்டர்.