இரண்டு கல்லும் ஒரே மாதிரிதானா?

போன மாதம் ஒரு பெண் தோட்டு ஜோடி ஒன்றைக் கொண்டுவந்தார். இணையத்தில் வாங்கிய லேப் வைரம். "போட்டுக்கிட்டா ஒரு பக்கம் மட்டும் மங்கலாத் தெரியுது சார். அது போலிக் கல்லா?" என்று கேட்டார். இரண்டையும் வெள்ளைத் தாளில் முகம் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். மேலிருந்து பார்த்தால் மினுமினுப்பில் கல்லின் நிறம் மறைந்துவிடும், கவிழ்த்தால்தான் தெரியும். ஒன்றில் மெல்லிய பழுப்பு. இன்னொன்றில் இருக்கிறதோ இல்லையோ என்னும்படி ஒரு நீலம். அறையை இருட்டாக்கி, புற ஊதா விளக்கைக் காட்டி அணைத்தேன். பழுப்புக் கல் உடனே அடங்கிவிட்டது. நீலக் கல் மட்டும் மின்மினி மாதிரி கொஞ்ச நேரம் ஒளிர்ந்துகொண்டே இருந்தது.

இரண்டும் வைரம்தான், இரண்டும் ஆய்வகத்தில் வளர்ந்தவைதான். வளர்த்த முறைதான் வேறு. ஒன்று ஹெச்பிஹெச்டி: 1954இல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் வெற்றி கண்ட, கடும் அழுத்தமும் வெப்பமும் கொடுக்கும் முறை. இதில் போரான் கொஞ்சம் கலந்துவிட்டால் நீலச் சாயல் வரும். மற்றது சிவிடி: வாயுவிலிருந்து கார்பனைப் படலம் படலமாகப் படியவைப்பது. இதில் பழுப்பு எட்டிப் பார்க்கும், அதைப் போக்கப் பிறகு சூடேற்றுவதும் உண்டு. எந்த முறையும் மட்டமில்லை. ஆனால் ஒரு ஜோடியில் இரண்டையும் கலந்து போட்டவர், கைக்குக் கிடைத்த இரண்டு கல்லைச் சேர்த்துக் கட்டிவிட்டார் என்பது தெரிகிறது.

என் மேசைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது "இது அசலா?" என்றுதான். பெரும்பாலும் ஆமாம் என்றே சொல்லி அனுப்புகிறேன். தோட்டில் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. மோதிரத்துக்கு ஒரு கல் நன்றாக இருந்தால் போதும். தோட்டுக்கு இரண்டு வேண்டும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும், அப்புறம் இரண்டும் காதிலேயே நிற்க வேண்டும்.

முதலில் எடை. ஒரு கேரட் என்பது 0.2 கிராம். "1 கேரட் தோடு" என்று போட்டிருந்தால் அது அநேகமாக இரண்டு கல்லுக்கும் சேர்த்த மொத்த எடை, அதாவது காதுக்கு அரை கேரட். பக்கத்தின் கீழே எங்காவது "மொத்த எடை" என்று சின்ன எழுத்தில் இருக்கும், பொய் என்று சொல்ல முடியாது. வட்டக் கல்லில் அரை கேரட் ஏறத்தாழ 5.1 மில்லிமீட்டர் குறுக்களவு, ஒரு கேரட் ஏறத்தாழ 6.5. எடையை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள். அடிப்பகுதி ஆழமாக வெட்டிய கல் எடையில் நிறைய காட்டும், காதில் சின்னதாகத் தெரியும். வீட்டில் காகிதம் துளையிடும் பஞ்ச் இருந்தால் அதிலிருந்து விழும் பொட்டை எடுத்துக் காதில் வைத்துப் பாருங்கள். அது பெரும்பாலும் 6 மில்லிமீட்டர், அதாவது ஒரு காதுக்கு முக்கால் கேரட்டைவிடக் கொஞ்சம் கூட. திரையில் உள்ளங்கை அளவு பெரிதாக்கிக் காட்டும் படத்தைவிட இந்தப் பொட்டு நேர்மையானது.

சான்றிதழ் இருக்கிறது என்றால் எதற்குச் சான்றிதழ் என்று கேளுங்கள். ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியா, இல்லை ஜோடிக்குச் சேர்த்து ஒன்றா? சிறிய கற்களுக்குச் சேர்த்து ஒன்றாகத் தருவது வழக்கம்தான். அதில் நிறத்துக்குப் போடும் எழுத்து "ஜி-ஹெச்" என்று ஒரு வரம்பாக இருக்கும், இரண்டு கல்லும் ஒத்துப்போகின்றனவா என்பதை அது சொல்லாது. தனித்தனி அறிக்கை என்றால் இரண்டிலும் வளர்ப்பு முறை ஒன்றா, குறுக்களவு வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, நிறம் ஒரே எழுத்தா என்று பார்க்கலாம். இன்னொரு விஷயம்: 2025 அக்டோபரிலிருந்து, வைரங்களைச் சோதித்து அறிக்கை தரும் ஜிஐஏ நிறுவனம் ஆய்வக வைரங்களுக்கு நிறம், தெளிவு என்று எழுத்துத் தரம் போடுவதை விட்டுவிட்டது. "பிரீமியம்", "ஸ்டாண்டர்ட்" என்ற இரண்டே பிரிவுதான். எழுத்துத் தரம் போட்ட அறிக்கை வேண்டுமென்றால் ஐஜிஐ போன்ற வேறு சோதனை நிறுவனங்களைப் பார்க்க வேண்டும்.

தரத்துக்காக ரொம்ப அலைய வேண்டாம் என்பது என் கட்சி. தோட்டை யாரும் மூக்குக்கு நேரே வைத்துப் பார்ப்பதில்லை. விவிஎஸ் என்னும் உயர்ந்த தெளிவுத் தரத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை நல்ல வெட்டுக்குக் கொடுங்கள்.

கல் வைரமே இல்லாமல் போவதும் எப்போதாவது நடக்கிறது. கையடக்க டெஸ்டர் "பீப்" என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். அது வெப்பம் எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்பதை மட்டும் பார்க்கும் கருவி. வைரம் மாதிரியே தெரியும் வேறு கல்லான மாய்சனைட்டுக்கும் அது பீப் அடிக்கும். பத்து மடங்கு லென்ஸில் மாய்சனைட்டைச் சாய்த்துப் பார்த்தால் பின்பக்க முகங்களின் விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். வைரத்தில் அப்படித் தெரியாது. ஆய்வகக் கல்லா, மண்ணில் விளைந்ததா என்பதை மட்டும் லென்ஸை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, அதற்குக் கருவிகள் தனி.

இனி திருகு. வைரத்தை மாதக்கணக்கில் தேடி வாங்குகிறவர்கள் திருகைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை, எனக்கு எரிச்சலே அதில்தான். என்னிடம் ஒற்றைத் தோட்டோடு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அழுத்தி மாட்டும் வகை பூட்டு போட்டிருந்தவர்கள். துண்டில் மாட்டும், சட்டை கழற்றும்போது இழுபடும், ஒருநாள் நழுவிவிடும். மரை போட்ட திருகு மேல். அதிலும் மரை முழுசாக ஏறுகிறதா, ஒரு சுற்றிலேயே ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு திருகும் ஒரே மாதிரி தெரிந்தாலும் மாறிப் போட்டால் சில நேரம் சரியாகப் பிடிக்காது, அதனால் எது எந்தத் தண்டுக்கு என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கல்லை உயரத்தில் தூக்கி நிறுத்தும் கூடு என்றால் தோடு முன்பக்கம் சாய்ந்து தொங்கும். அடி குறுகிய, கூம்பு வடிவக் கூடு காதோடு ஒட்டி உட்காரும். தண்டு என்ன உலோகம் என்பதும் முக்கியம். 750 அல்லது 585 என்ற முத்திரை தங்கத்தைச் சொல்லும், 925 என்றால் வெள்ளி, மேலே என்ன நிறத்தில் பூச்சு இருந்தாலும் சரி. வெள்ளைத் தங்கத்தில் நிக்கல் இருக்கலாம். காது அரிக்கும் உடம்பு என்றால் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பெட்டி வந்ததும் உடனே காதில் போடாதீர்கள். சுகாதாரக் காரணம் சொல்லி, போட்ட தோட்டைத் திரும்ப எடுக்க மறுக்கிற கடைகள் நிறைய. பிரிப்பதை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். கல்லின் இடுப்பு விளிம்பில் பொறித்த எண்ணை லென்ஸில் படித்து அறிக்கையோடு ஒப்பிடுங்கள், பழகாத கண்ணுக்குக் கொஞ்சம் சிரமம். அப்புறம் தோட்டைக் காதருகே பிடித்து மெல்ல ஆட்டுங்கள். "டிக் டிக்" என்று கேட்டால் கல் கூட்டில் இறுக்கமாக இல்லை.

விற்கும் விலை பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்: சேமிப்பாக நினைத்து வாங்காதீர்கள். ஆய்வக வைரத்தின் விலை சில வருடங்களாக இறங்கிக்கொண்டே இருக்கிறது, திரும்ப வாங்கிக்கொள்ள ஆள் குறைவு.

அந்தப் பெண்ணுக்குக் கடை ஜோடியை மாற்றிக் கொடுத்துவிட்டது. புதிய ஜோடியைக் காதில் போடும் முன்னால் வெள்ளைத் தாளில் கவிழ்த்துப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். படத்தில் நிறம் சொல்ல முடியாது, நேரில் கொண்டுவாருங்கள் என்று பதில் போட்டேன்.