எந்த நேரத்தை வாங்குவது? ஒரு சுங்குடிச் சேலைக் கடையின் விளம்பரக் கணக்கு

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடைக்காரர் தொலைக்காட்சியில் விளம்பரம் கொடுக்க நினைத்தால், முதலில் அவர் கைக்கு வருவது டி.ஆர்.பி. பட்டியல்தான். அதில் முதலிடத்தில் இருக்கும் நிகழ்ச்சியையே அவர் வாங்கிவிட்டால் பணம் வீணாக வாய்ப்பு அதிகம். ஏனெனில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதை அந்த எண் சொல்லுமே தவிர, அவர்களில் எத்தனை பேர் சேலை வாங்குவார்கள் என்பதைச் சொல்லாது.

இந்தியாவில் இந்த எண்ணை 2015 முதல் பார்க் இந்தியா என்னும் அமைப்பு வெளியிடுகிறது. சேனல்கள் தங்கள் ஒலியில் காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டைப் பதித்து ஒளிபரப்புகின்றன. தேர்ந்தெடுத்த வீடுகளில் வைத்த மீட்டர் அதைப் பிடித்து, எந்தச் சேனல் எப்போது ஓடியது என்று குறித்துக்கொள்கிறது. பார்ப்பவர் யார் என்பது மீட்டருக்குத் தானாகத் தெரியாது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ரிமோட்டில் தனிப் பொத்தான் உண்டு. உட்காரும்போதும் எழும்போதும் அழுத்த வேண்டும். பால் பொங்குகிறதென்று ஓடும் அம்மா அழுத்த மறந்தால், அடுப்படியில் நிற்பவரும் பார்வையாளராகவே எண்ணப்படுவார்.

வாங்குவோர் பற்றிய தரவு வீடு வீடாக எடுக்கும் கணக்கெடுப்புகளிலிருந்து வருகிறது. வருமானத்தைக் கேட்டால் சரியான பதில் கிடைப்பது அரிது என்பதால், 2011இல் வந்த வகைப்பாடு, குடும்பச் செலவுக்கு அதிகம் தருபவரின் படிப்பையும், மின்விசிறி, எரிவாயு அடுப்பு, விவசாய நிலம் உள்ளிட்ட 11 உடைமைகளில் எத்தனை அந்த வீட்டில் உள்ளன என்பதையும் கொண்டு குடும்பங்களைப் பிரித்தது.

இந்த இரண்டு தரவுகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. எடுத்துக்காட்டாக, முதல் நிகழ்ச்சியின் மொத்த ரேட்டிங் (நூற்றுக்கு எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது) 4, விலை 10,000 ரூபாய் என்றும், இரண்டாவதன் ரேட்டிங் 2, விலை 6,000 ரூபாய் என்றும் கொள்வோம். ஒரு ரேட்டிங் புள்ளிக்கு 2,500, 3,000 ரூபாய் என்று முதலாவதே மலிவு. சேலை வாங்கும் நடுவயதுப் பெண்களிடையே மட்டும் ரேட்டிங் முறையே 2, 3 என்றால், ஒரு புள்ளியின் விலை 5,000 ரூபாயாகவும் 2,000 ரூபாயாகவும் ஆகி, முடிவு தலைகீழாகிவிடும்.

ஆனால் ஒரே ஊர் அளவுக்குச் சுருக்கினால் மாதிரி சிறிதாகி எண் தள்ளாடும். மீட்டர் வைத்த 40 வீடுகளில் இந்த வாரம் 5, அடுத்த வாரம் 8 வீடுகள் பார்த்தால், ரேட்டிங் 12.5இலிருந்து 20க்கு ஏறியதாகத் தெரியும்; அத்தனை சிறிய மாதிரியில் இந்த ஏற்றம் வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். பிழையைப் பாதியாக்க வீடுகளை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதால், இதைச் சரிசெய்வது செலவுள்ள வேலை.

சிறு கடைக்கு இதைவிட நம்பகமான தரவு அதன் கல்லாவிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. பில் போடும்போது வாடிக்கையாளரின் ஊரையும் எழுதிக்கொண்டு, உசிலம்பட்டி கேபிளில் மட்டும் விளம்பரம் ஓட்டி, மேலூரில் ஓட்டாமல் விட்டால், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தால் கூடும் விற்பனை இரு ஊர்களிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கூடும்; அதற்கு மேல் உசிலம்பட்டிக் கணக்கில் தெரியும் கூடுதலே பெரும்பாலும் விளம்பரத்தால் வந்தது.